மங்காஃபிலிருந்து நான் காப்பாற்றிய படகு

முட்டாள்தனத்தில் பல தினுசு உண்டு. என்னுடையது உழைப்பாளித் தினுசு. ஒன்பது வயதில், குவைத்தின் மங்காஃபில், ஒரு ஃபிளாட்டின் சமையலறையில் நின்றுகொண்டு, அம்மா தோசையைத் திருப்பிப் போடாமல் காவல் காத்ததன் மூலம் சீனக் கடலில் ஒரு படகு கவிழாமல் தடுத்தேன் என்று நம்பியவன் நான். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கூடத்திலும் சொல்லி வைத்தேன். அதை அப்படியே நம்பிய என் வகுப்புத் தோழன் இன்று பெரிய கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறான். அந்தக் கம்பெனியை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் கவலை.

அப்பா அப்போது ஒரு ரிஃபைனரி சைட்டில் ஸ்டோர் கீப்பர். அதே சைட்டில் குழாய் வேலைக்கு வந்திருந்த சீனர்களில் ஒரு வெல்டிங் ஃபோர்மேன் கையுறை வாங்க ஸ்டோருக்கு வருவார். வந்தவர் ஒருநாள் அப்பாவின் டிபன் பாக்ஸில் எலுமிச்சை ஊறுகாயைப் பார்த்திருக்கிறார். அதைக் கூட்டு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மொத்தத்தையும் வழித்து வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் வழிய மென்று, விழுங்கி, பிறகு டப்பாவை நீட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாராம். அப்பாவுக்கு மனிதர்களை எடைபோட அதிக நேரம் பிடிக்காது. அடுத்த வெள்ளிக்கிழமையே அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் அவருக்கு சீனா அங்கிள் என்று பெயர். அவருக்கு ஆங்கிலம் கைப்பிடி அளவு, இந்தி அதைவிடக் கொஞ்சம் அதிகம், அரபியில் ‘மாஃபி’ மட்டும் சுத்தமாக வரும். எது இல்லையென்றாலும் மாஃபி. பஸ் மாஃபி, லீவ் மாஃபி, தலையைத் தடவிக் காட்டி, முடி மாஃபி. அதற்கு மேல் பேசவேண்டுமென்றால் ஃபோனை எடுப்பார். ஃபோனுக்குள் அவர் சீன மொழியில் பேச, அது ஒரு பெண் குரலில் ஆங்கிலத்தில் ஒப்பிக்கும். அந்த ஆங்கிலத்தை எங்களுக்குத் தமிழாக்கித் தருவது மாமாவின் பொறுப்பு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஃபஹாஹீலில் ஒரு மொபைல் கடையில் வேலை, எங்கள் ஹால் சோபாவில் படுக்கை. அவர் பொய் சொல்லமாட்டார். உண்மையைக் கொஞ்சம் தாளித்துத்தான் கொடுப்பார்.

அங்கிளின் ஊரை நாங்கள் பார்த்ததெல்லாம் அந்த ஃபோனில்தான். கடலை ஒட்டிய ஒரு சின்ன மலை. அதன் சரிவு முழுக்க, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பதுபோல் கல் வீடுகள். சுவர் கல், படி கல், சந்துக்குத் தரையும் கல். ஜன்னல்கள் மட்டும் எங்கள் ஏசி வைத்த ஓட்டையைவிடச் சின்னவை. பல நூறு வருஷத்துப் பழைய மீன்பிடி ஊராம். கடற்கொள்ளைக்காரர்கள் வந்த காலத்துக் காவல் மேடை ஒன்று உச்சியில் இடிந்து கிடந்தது. கீழே, படகுத் துறையைப் பார்த்தபடி கடலம்மனுக்கு ஒரு கோயில். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது வீட்டுக் கூரைகள். ஓட்டின் மேல் வரிசையாகக் கருங்கற்களை வைத்திருந்தார்கள்.

“கல்லு எதுக்கு மாமா?”

“காத்துல வீடு பறந்துரக் கூடாதுல்ல. பேப்பர் வெயிட்டு.”

சிரித்தோம். ஃபோனில் ஆங்கிலம் பேசிய பெண்ணும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே வருஷா வருஷம் புயல் வரும்.

பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்றார் அங்கிள். இளவட்டங்கள் எல்லாம் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்களாம். அம்மா உச்சுக்கொட்டினாள்.

“இம்புட்டு கல்லு வெச்சு கட்டுன வீட்டப் பூட்டிப் போட்டுட்டு, இங்க வந்து கேம்ப்ல தகரக் கொட்டாயில படுத்திருக்காரு பாரு, பாவம்.”

 அரியலூர்ப் பக்கத்தில் நாங்கள் பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவி அம்மாவின் பீரோவில்தான் இருந்தது.

கடைசிப் படத்தை அங்கிள் எப்போதும் கொஞ்சம் நிறுத்தித்தான் காட்டுவார். நீலப் பெயின்ட் அடித்த மரப் படகு. முன்பக்கத்தில் இரண்டு பக்கமும் பெரிய வெள்ளைக் கண்கள் வரைந்திருக்கும். அதன் மேல் சிரித்துக்கொண்டு அவருடைய தம்பி. அவர்களுடைய அப்பா விட்டுப்போன படகு அது. அண்ணன் குவைத்துக்கு வந்ததே அதற்குப் புது இன்ஜின் போடத்தான். போட்டும் ஆயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து அதில் போவதற்காக, இங்கே கான்ட்ராக்ட் முடியக் காத்திருந்தார்.

“படகுக்கு எதுக்குக் கண்ணு?” என்றேன்.

“வழி பாக்கணும்ல” என்றார் மாமா. “ஆனா பாரு, லைசென்ஸ் குடுக்கும்போது கண் டெஸ்ட்ல ஒரே தடவைல பாஸாயிருக்கு. நான் மூணு தடவ.”

செப்டம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அது நடந்தது. அப்பாவும் அங்கிளும் ஃபஹாஹீல் மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பெரிய வவ்வால் மீன் வாங்கி வந்தார்கள். இங்கே ஜுபைதி என்பார்கள். விலை காரணமாக விருந்தாளி வந்தால் மட்டுமே எங்கள் வீட்டுக்குள் நுழையும் மீன் அது. நாங்கள் ஏரி மீன் ஊர்க்காரர்கள். முழு மீனை எப்படிப் பரிமாறுவது என்று அம்மாவுக்குத் தெரியாது. மசாலா தடவிப் பொரித்து, ஒரு தட்டில் அப்படியே படுக்கவைத்து, அங்கிளுக்கு முன்னால் வைத்துவிட்டாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “கவனிச்சுக்கடா” என்று கண்ணைக் காட்டினாள்.

எங்கள் வீட்டில் ‘கவனிப்பது’ என்றால் விருந்தாளி போதும் போதும் என்று கையை இலைக்குக் குறுக்கே வைக்கும்வரை விடாமல் வைப்பது. நான் கரண்டியுடன் தயாரானேன். அங்கிள் மேல்பக்கத்தை நிதானமாக, முள்ளில் ஒரு துணுக்குகூட ஒட்டாமல் சாப்பிட்டு முடித்தார். அடிப்பக்கம் அப்படியே இருந்தது. மனிதர் கூச்சப்படுகிறார் என்று முடிவுசெய்தேன். கரண்டியை அடியில் கொடுத்தேன். மீனை ஒரே தூக்கில் திருப்பிப் போட்டேன். மசாலா மேஜைவிரிப்பில் தெறித்தது.

“சாப்பிடுங்க அங்கிள்!”

அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்று வந்தது. கோபம் இல்லை. பால்கனிக் கம்பிமேல் ஏறி நின்ற என்னை ஒருமுறை அம்மா பார்த்தபோது இருந்த முகம். சட்டென்று இரண்டு கைகளையும் நீட்டி, தூங்குகிற குழந்தையைப் புரட்டுவதுபோல மீனைப் பழையபடி திருப்பி வைத்தார். பிறகுதான் எங்களைப் பார்த்தார். கூச்சத்துடன் சிரித்தார்.

“நோ பிராப்ளம், நோ பிராப்ளம். பேபி.”

ஃபோனை எடுத்து விளக்கினார். அவர்கள் ஊரில் தட்டில் வைத்த மீனைத் திருப்பவே மாட்டார்கள். ஒருபக்கம் முடிந்ததும் நடுமுள்ளை உருவி எடுத்துவிட்டு, அடிப்பக்கத்தை மேலிருந்தபடியே சாப்பிட வேண்டும். தட்டு கடல், மீன் படகு. உள்ளங்கையை மேலே காட்டி, பிறகு மெதுவாகக் கவிழ்த்துக் காட்டினார். “போட்… ஃபினிஷ்.” கடலில் வீட்டு ஆள் இருக்கும்போது சின்னக் குழந்தைகூட அதைச் செய்யாதாம்.

அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. “ஐயோ, சாரி அண்ணே, அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது” என்றாள். அண்ணே என்பது அவருக்குப் புரியாது. குரல் புரிந்தது. அவர் முள்ளின் ஒரு நுனியைப் பிடித்து முழுசாக உருவி எடுத்து, அந்தப் பிரச்சினையே முடிந்தது என்பதுபோல் எல்லோருக்கும் காட்டினார். நாங்களும் கை தட்டினோம்.

அவர் போனபின் மாமா என் முதுகில் தட்டினார்.

“போச்சுடா. நல்லாப் போயிட்டிருந்த கப்பலக் கவுத்துட்டியே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. வேலை முடிந்து வந்த அப்பா சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். அங்கிளின் ஊர்ப்பக்கம் பெரும் புயல் கரையேறப் போகிறதாம். எச்சரிக்கை வந்ததும் எல்லாப் படகும் துறைக்குத் திரும்பிவிட்டன. தம்பியின் படகு மட்டும் வரவில்லை. ஃபோனும் எடுக்கவில்லை. வழியில் இன்ஜின் நின்றிருக்குமோ என்று பேசிக்கொள்கிறார்களாம்.

“அவர் வாங்கிக் குடுத்த இன்ஜின்” என்றார் அப்பா. “அதையே சொல்லிச் சொல்லிப் பொலம்புறாரு மனுஷன்.”

மாமா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தவுடன் மூடிக்கொண்டார். அதுதான் வினையாகிவிட்டது. மாமா கிண்டல் செய்திருந்தால் அதை வெறும் கிண்டல் என்று விட்டிருப்பேன். மாமாவே வாயை மூடிக்கொள்கிறார் என்றால், விஷயம் உண்மை.

அப்போதே வேலையில் இறங்கினேன். ஒருமுறை கவிழ்த்த பாவத்துக்கு இனி இந்த வீட்டில் எதுவுமே கவிழக் கூடாது. முதலில் சமையலறை. அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர், கிண்ணம், சட்டி அத்தனையையும் நிமிர்த்தி வைத்தேன். வாசலில் குப்புறக் கிடந்த செருப்புகளை நிமிர்த்தினேன். மாமா சோபாவில் குப்புறப்படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரையும் நிமிர்த்த முயன்றேன். உதை கிடைத்தது. பொறுத்துக்கொண்டேன்.

தோசைதான் பெரிய போராட்டம். அம்மா திருப்பியை எடுக்கும்போதெல்லாம் “வேணாம்மா!” என்று அலறினேன். கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அழுதேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“டேய், ஒருபக்கம் வேகாத தோசைய யாருடா திம்பாங்க?”

“நான் திங்கிறேன்.”

தின்றேன். ஒருபக்கம் கருகி, மறுபக்கம் பசைபோல இருந்த தோசையை, நான்கு நாள், காலையும் மாலையும். என் வயிற்றுக்கும் அந்தப் படகுக்கும் நடுவில் ஒரு போட்டியே நடந்தது.

“அக்கா, பேசாம ஆப்பம் சுடு” என்றார் மாமா. “அதத் திருப்பவே வேணாம். புயலும் அடங்கும், பையன் வயிறும் அடங்கும்.”

பள்ளியில் அந்த வாரம் சயின்ஸ் டெஸ்ட். கேள்வித்தாளின் அடியில், மறுபக்கம் பார்க்கவும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பார்த்தேன். யோசித்தேன். மறுபக்கத்தில் எத்தனை மார்க் இருக்கும் என்பதும் தெரியும். தாளைத் திருப்பாமல், கைகட்டி உட்கார்ந்திருந்தேன். மிஸ் மலையாளி. அன்பானவர். பக்கத்தில் வந்து குனிந்து, “மோனே, வொய் யூ நாட் டர்னிங் தி பேப்பர்?” என்றார்.

“போட், மிஸ்” என்றேன்.

அவர் என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

செவ்வாயோ புதனோ, அம்மா சோறும் ரசமும் கட்டிக் கொடுக்க, அப்பா அங்கிளின் கேம்ப்புக்குப் புறப்பட்டார். நானும் தொற்றிக்கொண்டேன். வரிசையாகத் தகர அறைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் சேஃப்டி ஷூக்களும் ரப்பர் செருப்புகளும் குவிந்து கிடந்தன. அங்கிள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சார்ஜரில் போட்ட ஃபோனை, அது ஏதோ கொதிக்கிற பால் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தோளில் கைவைத்ததும், “பாய், ஃபோன் மாஃபி” என்றார். சாப்பாட்டுப் பையை நீட்டியதும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை. அப்பாவும் கட்டிலில் உட்கார்ந்தார். அவர்களுக்குள் பேச மொழி அதிகம் கிடையாது. அன்று அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

எனக்கு உள்ளே இருக்க என்னவோ போலிருந்தது. வாசலுக்கு வந்தேன். அந்தக் குவியலைப் பார்த்ததும் பகீரென்றது. எத்தனை ஷூ குப்புறக் கிடந்தன! இப்படிக் கிடந்தால் படகு எப்படி வரும்? உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தி, ஜோடி சேர்த்து, மூக்கு வெளியே பார்க்கும்படி வைக்க ஆரம்பித்தேன். சிமென்ட்டும் வியர்வையும் கலந்த அந்த வாடை இன்றும் மூக்கில் இருக்கிறது. நிமிர்ந்தால், அங்கிள் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.  அவரும் குந்தி உட்கார்ந்தார். வரிசையின் ஓரத்தில் நான் பார்க்காமல் விட்ட ஒரு பழைய செருப்பு குப்புறக் கிடந்தது. அதை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பிறகு உள்ளே போய் ரசத்தைக் குடித்தார்.

வியாழக்கிழமை மாலை அப்பா வீட்டுக்குள் வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். படகு கிடைத்துவிட்டது! இன்ஜின் நின்றதும் ஏதோ ஒரு ஆளில்லாத தீவின் மறைவில் நங்கூரம் போட்டுக் கிடந்திருக்கிறார் தம்பி. புயல் ஓய்ந்ததும் ஒரு பெரிய படகு பார்த்துக் கட்டி இழுத்து வந்திருக்கிறது. ஆள் முழுசு, படகும் முழுசு. சைட்டில் சீனர்கள் எல்லோரும் அங்கிளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்களாம். அம்மா கேசரி கிண்டினாள். மாமா எழுந்து நின்று எனக்கு சல்யூட் அடித்தார்.

“கேப்டன், இனிமே தோசையத் திருப்பலாமா? உத்தரவு வேணும்.”

“இன்னிக்கு ஒருநாள் வேணாம்” என்றேன், பொறுப்பு தெரிந்தவனாக.

அங்கிள் அந்தக் குளிர்காலத்தில் லீவில் ஊருக்குப் போனார். திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் காயவைத்த கணவாய்ப் பொட்டலம். அதன் வாசனைக்கு மாமா பால்கனிக்குப் போய்விட்டார். அங்கிள் ஃபோனில் புதுப் படங்கள் இருந்தன. ஊரே மாறியிருந்தது. பூட்டிக் கிடந்த கல் வீடுகளில் கதவு திறந்திருந்தது. ஜன்னல்களில் சிவப்பு விளக்குக் கூடுகள். சந்துகளைக் கழுவி விட்டிருந்தார்கள். இடிந்த காவல் மேடைக்குக் கம்பி வேலி போட்டு, பலகை வைத்திருந்தார்கள். எங்கு பார்த்தாலும் தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஆட்கள். நகரங்களிலிருந்து பழைய மீன்பிடி ஊரைப் பார்க்க வருகிறார்களாம். அங்கிளின் வீட்டு மாடி அறையில்கூட யாரோ தங்கியிருந்தார்கள். தம்பி மனைவி டீ ஊற்றிக்கொண்டிருந்தார். தம்பி தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கையைக் கட்டி நின்றார். ஸ்கூல் ஐடி கார்டுக்குப் படம் எடுக்கும்போது நான் நிற்பேனே, அப்படி.

கடைசிப் படம் படகு. துறையில் இல்லை. கோயில் முன்னால், தரையில், இரண்டு பக்கமும் கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். புது நீலப் பெயின்ட். கண்ணுக்குக் கறுப்புமை பளபளவென்று. உள்ளே மண் நிரப்பிப் பூச்செடி நட்டிருந்தார்கள். ஒரு பெண் அதன்மேல் சாய்ந்து தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“புயலுக்கு அப்புறம் தம்பி கடலுக்குப் போறதில்லயாம்” என்று அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். “வீட்டுல விடல. படக ஊர்க் கமிட்டில கேட்டாங்களாம், குடுத்துட்டாரு. இவரு போய்ப் பாத்தப்பதான் தெரிஞ்சிருக்கு. இன்ஜினக்கூடக் கழட்டிட்டாங்களாம்.”

எனக்கு ஒரே சந்தோஷம். சரியான யோசனை என்று பட்டது. தரையில் முட்டுக்கொடுத்து, மண்ணும் நிரப்பி வைத்த படகு எந்தப் புயலில் கவிழும்? நான் நான்கு நாள் தோசையோடு போராடியதை, இந்த ஊர்க்காரர்கள் ஒரேயடியாக முடித்துவிட்டார்கள். “சூப்பர் அங்கிள்! சேஃப் போட்!” என்று கட்டைவிரலை உயர்த்தினேன். அவரும் கட்டைவிரலை உயர்த்தினார். அவர் ஏன் அந்தப் படத்தை மட்டும் நிறுத்தாமல் சட்டென்று தள்ளிவிட்டார் என்று நான் யோசிக்கவில்லை. பூச்செடி அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அன்றும் வவ்வால் மீன்தான் பொரித்தாள். இப்போது அவள் தேர்ந்த ஆள். மீன் தட்டுக்குப் பக்கத்தில் முள்ளை உருவிப் போட ஒரு தனிக் கிண்ணம். எனக்கு எட்டாத தூரத்தில் கரண்டி. எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். மாமாவும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தார். அங்கிள் வழக்கம்போல மேல்பக்கத்தை ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். நான் முள்ளை உருவுகிற கட்டத்துக்காகக் காத்திருந்தேன். அது எங்கள் வீட்டில் ஒரு வித்தைக்குச் சமம்.

அவர் முள்ளைத் தொடவில்லை. தட்டைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் வாலைப் பிடித்து, மீனைத் திருப்பிப் போட்டார்.

அம்மாவின் கை ரசக் கரண்டியோடு நின்றது. மாமா மூக்கிலிருந்து கையை எடுத்தார். அப்பா தன் சோற்றைப் பார்த்துக்கொண்டார். அந்த அறையில் சும்மா இருக்கத் தெரியாதவன் நான் ஒருவன்தான். டீச்சர் போர்டில் போட்ட கணக்கில் தப்பைக் கண்டுபிடித்த மாணவனின் குஷியோடு நாற்காலியில் ஏறி நின்று, வீடே அதிரக் கத்தினேன்.

“அங்கிள், நோ! திருப்பக் கூடாது! போட் ஃபினிஷ்!”

ஃபோன் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. மீனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“போட் மாஃபி.”